குறியும் இடமும்: புத்தளக் கரையோரத் தேசப்படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தேசப்படம் ஒன்றிலே கரைக்கோடும் ஆறும் வீதியும் நிலத்தின் வடிவைக் காட்டுகின்றன. அந்நிலத்திலே மனிதர் எவற்றை முக்கியமெனக் கருதினர் என்பதைக் காட்டுவன அதன்மீது இடப்படும் சிறு குறிகளாகும். கோட்டை, கோயில், பள்ளிவாசல், உப்பளம், துறை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு குறியாகச் சுருங்கியே படத்தினுள் நுழைகின்றது. அக்குறி சரியான இடத்தில் நிற்கின்றதா, அதன் பொருள் யாவர்க்கும் ஒன்றாகவே புலப்படுகின்றதா, காலம் மாறும்போது அதுவும் மாற்றப்படுகின்றதா என்னும் மூன்று வினாக்களும் தேசப்பட வரலாற்றிலே மிகப் பழையவை. கணினித் திரையிலே தேசப்படம் பார்க்கும் இக்காலத்தில் அவை மீண்டும் எழுந்துள்ளன. புத்தளக் கரையோரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளிலே எமக்கு நாட்டம் பிறந்தமைக்கு எமது தவறொன்றே காரணம். கலைப்பீட மாணவர் சிலர் சேர்ந்து, புத்தளம் மாவட்டக் கரையோரத்து வரலாற்றிடங்களைக் காட்டும் இணையத் தேசப்படம் ஒன்றைக் கண்காட்சிக்கென ஆக்கினோம். கோட்டைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்திற்கும் தனித்தனிப் படவுருக்களை நாமே வரைந்தோம். எமது கணினியில் அவை அழகாகத் தோன்றின. ஆனால் இணையத்தில் ஏற்றிய பின்னர், குறிகள் இருக்கவேண்டிய இடங்களில் வெறுங் கட்டங்களே காணப்பட்டன. அவசரமாக வேறு படவுருக்களை இட்டோம். குறிகள் தோன்றிவிட்டன என்ற மகிழ்ச்சியிலே வேறெதனையும் சரிபார்க்கவில்லை. கண்காட்சிக்கு வந்த கற்பிட்டிப் பெரியவர் ஒருவர் திரையை நெடுநேரம் உற்றுநோக்கிவிட்டு, “கோட்டை எப்ப தம்பி களப்புக்குள்ள இறங்கினது?” என்று கேட்டார். சுற்றி நின்றோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். எனினும் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை.

பெயர் மட்டும் எஞ்சிய துறைகள்

இக்கரையோரம் உலகின் ஏட்டில் இடம்பெற்றது மிகப் பழைய காலத்திலாகும். கி.பி. முதலாம் நூற்றாண்டிலே உரோம அறிஞர் பிளினி தமது இயற்கை வரலாற்றின் ஆறாம் நூலில், அன்னியஸ் பிளோக்கமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமையொருவர் காற்றினால் அள்ளுண்டு தப்ரபேனின் ஹிப்புரோஸ் என்னும் துறையை அடைந்தமை பற்றிக் கூறுகின்றார். கிரேக்கத்தில் ‘ஹிப்போஸ்’ என்பது குதிரையைக் குறிப்பதால், வில்பத்துக் காட்டின் கரையிலுள்ள குதிரைமலையே அத்துறை என ஆய்வாளர் பலர் கருதுவர். இதைப் போன்றே 1344இல் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைத் தாம் சந்தித்த இடத்தைப் ‘பத்தாலா’ எனக் குறிப்பிடுகின்றார். அது புத்தளமே என்பர். இரண்டு குறிப்புகளிலும் பெயர் உண்டு, நிகழ்ச்சி உண்டு. ஆனால் இடத்தைச் சுட்டும் அளவை இல்லை. ஆகவே இன்றும் நாம் பெயரின் ஒலியைக் கொண்டே இடத்தை ஊகிக்க வேண்டியுள்ளது.

இக்குறைபாட்டை நன்கு உணர்ந்தவர் இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி. ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படத்தை வரையும்போது பிழைகள் சிறிது சிறிதாகப் பெருகி, ஈற்றில் மூலத்திற்கும் பிரதிக்கும் பெரும் வேறுபாடு தோன்றிவிடும் என்பதை அவர் தமது புவியியல் நூலிலே எடுத்துரைத்தார். அதனாலேயே ஊர்களையும் முனைகளையும் நெட்டாங்கு, அகலாங்கு அளவைகளுடன் அட்டவணையாகத் தந்தார். படம் அழிந்தாலும் அட்டவணையிலிருந்து அதனை மீண்டும் வரையலாம் என்பது அவர் கருத்து. பிற்காலப் பதிப்புகளில் ஆசியாவுக்குரிய பன்னிரண்டு படங்களுள் இறுதியானதாகத் தப்ரபேன் அமைந்தது. தீவின் பருமனைத் தொலமி மிகைப்படுத்திவிட்டார் என்பது உண்மையே. ஆயினும் தீவைப் பெரிதாக்கிய பிழையைப் பிற்காலத்தவர் கண்டுபிடிக்கக்கூடியதாக இருந்தமைக்கும், அவர் எண்களை எழுதிவைத்தமையே காரணமாயிற்று. இடத்தின் அளவையும் இடத்தைக் காட்டும் சித்திரமும் வேறுவேறானவை, முன்னையதைப் பின்னையதனிடம் ஒப்படைத்தல் ஆகாது என்னும் கொள்கை இங்கே முதன்முதலாகத் தெளிவாக வெளிப்படுகின்றது எனலாம்.

அதிகாரத்தின் குறியான கோட்டை

ஒல்லாந்தர் 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றினர். 1667க்கும் 1676க்கும் இடையில் அங்கு கோட்டை கட்டப்பட்டது. களப்பின் வாயிலைக் காத்து நின்ற இக்கோட்டை, கண்டி இராச்சியத்துடன் இக்கரையூடாக நடைபெற்ற வணிகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு உதவியது. ஒல்லாந்தரின் படங்களிலே ‘கல்பென்டைன்’ என்னும் பெயருடன் கற்பிட்டி இடம்பெறுகின்றது.

அக்கால ஐரோப்பியப் படங்களில் ஊர்கள் பக்கவாட்டில் நோக்கிய சிறு வீடுகளாகவும், தேவாலயங்கள் சிலுவை தாங்கிய கூரைகளாகவும், கோட்டைகள் கொத்தளங்களுடன் கூடிய வடிவங்களாகவும் வரையப்படுதல் வழக்கமாகும். இவை கண்ணுக்கு இனியவை. ஆனால் வீட்டுச் சித்திரம் ஒன்று படத்திலே பல மைல் நிலத்தை மூடி நிற்கும்போது, ஊர் அச்சித்திரத்தின் நடுவிலா, அடியிலா, அருகிலுள்ள சிறு வட்டத்திலா என்பது ஐயத்துக்கிடமாகின்றது. மேலும் எவற்றுக்குச் சித்திரம் வரைதல் வேண்டும் என்பதை வரைவோரின் நோக்கமே தீர்மானித்தது. கம்பனிக்குக் கோட்டை வேண்டியிருந்தது. ஆகவே கோட்டை பெரிதாயிற்று. பருவத்துக்குப் பருவம் மணல்திட்டுகளில் தோன்றி மறையும் மீனவர் வாடிகளுக்கு அத்தகைய படங்களிலே குறி கிடைத்திலது.

பதிவும் குறிவிளக்கமும்

பிரித்தானியர் ஆட்சியில் இந்நிலைமை மாறத் தொடங்கியது. 1800 ஆகஸ்ட் 2ஆந் திகதி தேசாதிபதி பிரடெரிக் நோர்த் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார். ஆயினும் விரிவான இடவிளக்கப் படங்கள் வெளிவர ஒரு நூற்றாண்டு சென்றது. அதற்கு முன்னரே குறியின் பின்னணியைச் சொற்களால் நிரப்பும் பணியைச் செய்தவர் கற்பிட்டியின் மைந்தர் ஒருவர் என்பது எமக்குப் பெருமை தருவதாகும். 1807இல் அங்கு பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் இடப்பெயர்களை அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் ஓர் இடவிவரக் கையேட்டை வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்தவராகவே அவரைத் தமிழ் மாணவர் அறிவர். ஆனால் தேசப்பட வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடமுண்டு. படத்திலே ஒரு புள்ளியாக நிற்கும் ஊர் யாது, அதன் சிறப்பு யாது என வினவுவோர்க்கு விடை தரும் பதிவு அது. குறியைத் தொட்டவுடன் விவரம் விரியும் இன்றைய திரைப்படத்தின் முன்னோடியாக அதனைக் கருதுதல் மிகையாகாது.

1897இல் தொடங்கி 1924இல் நிறைவுற்ற ஓரங்குல இடவிளக்கப் படத்தொகுதியே நவீன குறியீட்டு முறையை இந்நாட்டில் நிலைநாட்டியது. ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் அப்படத்தின் அளவுத்திட்டம் 1:63,360 ஆகும். அதன்படி படத்தில் இரண்டு மில்லிமீற்றர் அகலமான குறி, நிலத்திலே ஏறத்தாழ 127 மீற்றரை மூடிவிடும். எனவே குறியின் பருமன் பொருளின் பருமனன்று என்பதைப் படிப்போர் அறிந்திருத்தல் இன்றியமையாததாயிற்று. இதன்பொருட்டே படத்தின் ஓரத்தில் குறிவிளக்கம் அச்சிடப்படுகின்றது. பிற்கால 1:50,000 படங்களிலே பௌத்த விகாரை, இந்துக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றுக்கு வேறுவேறு குறிகள் உள்ளன. உயர்தர வகுப்பிலே புவியியல் பயின்றோர் இக்குறிகளை மனனஞ் செய்தமையை மறந்திருக்கமாட்டார்கள்.

குறியின் பொருள் அதன் வடிவத்திலோ நிறத்திலோ இயல்பாக அமைந்ததன்று, உடன்பாட்டினால் வருவது என்பதற்குக் கடற்பயணம் சிறந்த சான்றாகும். 1980இல் செய்துகொள்ளப்பட்ட சர்வதேச உடன்பாட்டின்படி உலகக் கடல்கள் இரு வலயங்களாக வகுக்கப்பட்டன. இலங்கை அடங்கும் முதலாம் வலயத்தில், துறைமுகத்தினுள் நுழையும் கப்பலுக்கு இடப்புறத்தே சிவப்பு மிதவை அமையும். அமெரிக்கக் கண்டமும் யப்பானும் அடங்கும் இரண்டாம் வலயத்தில் அதே சிவப்பு வலப்புறத்தே அமையும். எந்த வலயத்தில் நிற்கின்றோம் என்பதை அறியாத மாலுமிக்கு நிறம் வழிகாட்டாது, தரைதட்டவே செய்யும். ஆகவேதான் கடற்குறிகளில் நிறத்துடன் வடிவமும் வேறுபடுத்தப்பட்டுள்ளது.

திரையில் ஊன்றிய முள்

2004இல் இங்கிலாந்திலே ஸ்டீவ் கோஸ்ட் ஓப்பின்ஸ்ட்ரீற்மப் என்னும் பொதுமக்கள் தேசப்படத்தைத் தொடக்கினார். 2005 பெப்ரவரியில் கூகிள் தேசப்படம் வெளிவந்தது. நீர்த்துளியைத் தலைகீழாக நிறுத்தினாற் போன்ற சிவப்பு முள்ளை அதற்கென வடிவமைத்தவர் யென்ஸ் ஐல்ஸ்ட்ரப் ராஸ்முசன் என்பவர். அகன்ற தலை கண்ணுக்குப் புலப்படும், கூரிய அடிமுனை இடத்தைத் தொடும், இடம் மறைக்கப்படாது. ஓரங்குலப் படத்தின் குறி நிலத்தை மூடிய சிக்கலுக்கு இவ்வடிவம் நல்லதொரு தீர்வாகும். 2014இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் இம்முள்ளைத் தன் சேர்க்கையில் இணைத்துக்கொண்டது.

2011இல் உக்ரேனியரான வொலொடிமிர் அகஃபொன்கின் வெளியிட்ட லீஃப்லெற் என்னும் இலவச மென்பொருள், எவரும் தமது இணையத் தேசப்படத்தை ஆக்குவதற்கு வழிவகுத்தது. நாமும் அதனையே கையாண்டோம். அதன் வழக்கமான முள் 25 படப்புள்ளி அகலமும் 41 படப்புள்ளி உயரமும் உடையது. கணினிக்கு அது ஒரு நீள்சதுரப் படமேயன்றி முள்ளன்று; கூர்முனை எங்கே என்பதை நாமே கூறுதல் வேண்டும். இடமிருந்து 12, மேலிருந்து 41 எனக் குறிப்பிட்டாலே அடிமுனை இடத்தில் ஊன்றும். சொந்தப் படவுருவை இடுவோர் பருமனையும் ஊன்றும் புள்ளியையும் கூறாது விட்டால், படத்தின் இடது மேல்மூலை இடத்தில் பொருந்த, முனை கீழும் வலப்புறமுமாக விலகித் தொங்கும்.

இவ்விலகலின் அளவு எவ்வளவு? புத்தளத்தின் அகலாங்கு ஏறத்தாழ வடக்கு 8 பாகை. மாவட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும் பத்தாம் பெருப்பத்தில் ஒரு படப்புள்ளி நிலத்திலே சுமார் 151 மீற்றருக்குச் சமமாகும். ஆகவே முனை கிழக்கே 1.8 கிலோமீற்றரும் தெற்கே 6.2 கிலோமீற்றரும் விலகிவிடும். பதினேழாம் பெருப்பத்துக்குச் சென்றால் படப்புள்ளி 1.2 மீற்றராகச் சுருங்க, விலகல் கிழக்கே 14 மீற்றராகவும் தெற்கே 48 மீற்றராகவும் குறைந்துவிடும். ஆக்குவோர் அணுகிப் பார்த்துச் சரியென எண்ணுகின்றனர். பார்வையாளர் விலகிப் பார்த்துத் தவறென உணர்கின்றனர். களப்போரத்துக் கோட்டை நீருக்குள் இறங்கியமைக்கு விளக்கம் இதுவே. தரவிலே பிழையில்லை, அளவைகள் சரியானவையே. குறியை ஊன்றியதிலேதான் பிழை.

குறிகள் முதலில் மறைந்தமைக்குக் காரணம் வேறு. படவுரு என்பது தேசப்படத்தினுள் இருப்பதன்று. தனிக் கோப்பாக வேறிடத்தில் இருப்பது. தேசப்படம் அதன் முகவரியை மட்டுமே அறியும். மென்பொருளைத் தொகுத்து இணையத்துக்கு அனுப்பும்போது கோப்புகள் இடம் மாறுகின்றன, பெயரும் மாறுகின்றன. முகவரி பிழைத்தால் படவுரு வாராது. எனவே முகவரியைத் தொகுப்பின்போதே உறுதிசெய்தல், அல்லது சிறு படவுருக்களைக் கோட்டுருவமாகப் பக்கத்தினுள்ளேயே எழுதிவிடுதல் நன்று. பின்னதில் வேறு கோப்பை எதிர்பார்க்க வேண்டிய தேவையே எழாது.

இவ்விரண்டுக்கும் மாற்றாகக் கைப்பேசியில் ஏற்கனவே உள்ள ஈமோஜி எழுத்துகளைக் குறியாக இடுவோரும் உளர். எமது கரையோரத்தில் இது தனியானதொரு சிக்கலைத் தோற்றுவிக்கும். யுனிகோட் நியமத்திலே தேவாலயத்தின் எழுத்துரு 2009இலும், பள்ளிவாசலின் எழுத்துரு 2015இலும், இந்துக் கோயிலின் எழுத்துரு 2019இலும் சேர்க்கப்பட்டன. ஆகவே பழைய கைப்பேசி ஒன்றில் தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயம் தெளிவாகத் தோன்ற, முன்னேஸ்வரமும் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலும் வெற்றுக் கட்டங்களாக நிற்கக்கூடும். வரைந்தவர் பாகுபாடு கருதியவரல்லர். எனினும் நான்கு சமயத்தாரும் அருகருகே வாழும் கரையிலே, ஒரு சாராரின் வழிபாட்டிடம் மட்டும் படத்தில் இல்லாததுபோலத் தோன்றுதல் சிறிய தவறன்று. ஒரே தொகுதியைச் சேர்ந்த குறிகள் ஒன்றாகவே தோன்றுதல் வேண்டும். தோன்றாவிடின் யாவும் ஒரே எளிய வட்டமாக மாறிப் பெயரை மட்டும் தாங்கி நிற்றல் வேண்டும்.

காலம் மாறும்போது

இடமும் பொருளும் சரியாக அமைந்த குறிக்குக்கூட ஆயுள் ஓர் எல்லைக்குட்பட்டதே. புத்தளக் களப்பைச் சூழவும் சிலாபம் வரையும் வானிலிருந்து நோக்கினால் நீர் நிரம்பிய நீள்சதுரங்கள் பல தெரியும். அவற்றுள் சில உப்பளங்கள். சில இறால் வளர்ப்புக் குளங்கள். வேறு சில 1996இல் பெரிதும் பரவிய வெண்புள்ளி நோய் போன்றவற்றின் பின்னர் கைவிடப்பட்ட குளங்கள். செய்மதிப் படம் வடிவத்தைக் காட்டுமேயன்றி, அங்கு உப்பு விளைகின்றதா, இறால் வளர்கின்றதா, எதுவுமே இல்லையா எனக் கூறாது. அதனைக் கூறவேண்டியது குறியே. இறாற் குறியை ஒருமுறை இட்டுவிட்டு மறந்துவிட்டால், பாழ்நிலத்தைத் தொழிலிடமாகக் காட்டும் பொய்ச்சாட்சியாக அது மாறிவிடும்.

இதனினும் பாரதூரமானது மனிதர் குடியிருப்புகளின் குறி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சமடைந்தனர். ஓலைக் குடிசைகளாகத் தொடங்கிய முகாம்கள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கிணறும் பள்ளிவாசலும் பாடசாலையும் கொண்ட ஊர்களாயின. 2007இலிருந்து உலக வங்கியின் உதவியுடன் வீடமைப்புத் திட்டமொன்றும் நடைபெற்றது. 2009இன் பின் சிலர் தாயகம் மீண்டனர். பலர் இங்கேயே வேரூன்றினர். அவ்விடங்களுக்கு எமது தேசப்படத்தில் எக்குறியை இடுவது என்பதில் எமக்குள்ளே நீண்ட விவாதம் எழுந்தது. கூடாரக் குறி வரலாற்றைக் காட்டும். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகம் புகும் தலைமுறையினரை இன்னும் அகதிகளாகவே காட்டும். வீட்டுக் குறி இன்றைய நிலையைக் காட்டும். ஆனால் 1990இன் துயரத்தை மறைத்துவிடும்.

ஈற்றில் நாம் கண்ட வழி தொலமியின் வழியே. குறியை ஓர் ஊருக்குரிய சாதாரண வட்டமாகவே அமைத்தோம். அளவை, பெயர், அவ்விடத்தின் வரலாறு, குறியைச் சரிபார்த்த ஆண்டு ஆகியவற்றைத் தனி அட்டவணையில் எழுதிக் குறியுடன் இணைத்தோம். ஓப்பின்ஸ்ட்ரீற்மப்பும் இம்முறையையே பின்பற்றுகின்றது. அங்கே தரவுத்தளத்தில் ‘வழிபாட்டிடம்’ என்னும் வகையும் அதன் சமயமும் சொற்களாகவே பதியப்படுகின்றன. எப்படவுருவை வரைவது என்பது பின்னர் வேறாகத் தீர்மானிக்கப்படும். படவுரு கெட்டாலும் பதிவு கெடாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. குறியின் நம்பகத்தன்மை அதன் அழகிலே தங்கியிருக்கவில்லை. எந்தப் புள்ளியில் ஊன்றுகின்றது என்பது எழுதப்பட்டிருத்தல், என்ன பொருளில் வழங்குகின்றது என்பது விளக்கப்பட்டிருத்தல், காலந்தோறும் அதனைச் சரிபார்ப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்றிருத்தல் ஆகிய மூன்றிலுமே அது தங்கியுள்ளது. ஹிப்புரோசுக்கு முதலாவது இல்லாமையால் நாம் இன்றும் ஊகிக்கின்றோம். ஒல்லாந்தர் காலச் சித்திரங்களுக்கு இரண்டாவது போதாமையால் ஐயுறுகின்றோம். மூன்றாவதனை நிறைவேற்றுவதற்கே நில அளவைத் திணைக்களம் போன்றதொரு நிறுவனம் வேண்டியிருந்தது. இன்று அத்தகைய நிறுவனம் எதுவுமின்றி மாணவர் நால்வர் ஒரு மாலைப்பொழுதில் தேசப்படம் ஆக்கிவிடலாம். ஆக்குதல் எளிதாயிற்றேயன்றிப் பொறுப்புக் குறைந்ததாக இல்லை.

எமது படத்திலே கோட்டை இப்போது கரையேறி நிற்கின்றது. அதன் ஊன்றும் புள்ளியைத் திருத்துவதற்கு வேண்டியிருந்தவை இரண்டு எண்கள் மட்டுமே. ஆயினும் அப்பெரியவர் கேட்டிராவிடின் அப்பிழை எமக்குத் தெரியவந்திராது. ஆகவே இப்பணியைத் தொடரவிருக்கும் இளைய மாணவர்களுக்கு நாம் கூறக்கூடியது ஒன்றுண்டு. படத்தை இணையத்தில் ஏற்றுமுன் அவ்வூர் மனிதர் ஒருவரிடம் காட்டுங்கள். தமது ஊர் எங்கே இருக்கின்றது என்பதை அவர் எந்தக் குறியுமின்றியே அறிவார்.